ஏபிஐ-யை மூடிவிட்டு ‘எங்கள் சொத்து’ என்று நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. பெருங்குடியில் ஏழு பேர் நடத்தும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் கடை வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு ஸ்டாக், ஆர்டர், ஜிஎஸ்டி கணக்கு மூன்றையும் ஒரே திரையில் சேர்த்துத் தரும் செயலியை விற்கிறார்கள். வெளியாரும் பயன்படுத்தட்டும் என்று தளமே திறந்து வைத்திருந்த ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாயில்) வழியாகத்தான் அது இத்தனை நாள் ஓடியது. இப்போது அதே வேலையைச் செய்யும் சொந்தக் கருவியைத் தளம் இலவசமாக வெளியிட்டுவிட்டு, இவர்களுடைய ஏபிஐ சாவியை முடக்கிவிட்டது. கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸ்: ஏபிஐ எங்கள் பதிப்புரிமை, உங்கள் செயலியின் பெயரில் எங்கள் டிரேட்மார்க் இருக்கிறது, தளத்தில் உள்ள தரவு எங்களுடையது, பதினைந்து நாளில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சிசிஐ-க்குப் போகலாமா, இல்லை ‘என் சொத்து, என் இஷ்டம்’ என்று அவர்கள் சொன்னால் அத்தோடு கதை முடிந்ததா?

முடியவில்லை. ஆனால் கோபத்தோடு நேரே சிசிஐ எனப்படும் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு மனு எழுத உட்காருவதும் சரியல்ல. இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவர்கள் சொல்லும் உரிமை சட்டப்படி அவர்களுக்கு இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தாலும் அதைக் கொண்டு போட்டியாளரை வெளியேற்றலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது போல நோட்டீஸ் எழுதப்பட்டிருக்கும். படிப்பவரும் அப்படியே நம்பி இரண்டாவதற்குள் போய்விடுவார். இரண்டாவது பல வருட வேலை. அதற்குள் ஏழு பேர் நிறுவனத்தின் கையிருப்பு கரைந்துவிடும். முதல் கேள்வியையோ சென்னையிலேயே, குறைந்த செலவில் எடுத்துப் பேசலாம். எனவே முதலில் நோட்டீஸைப் பிரித்துப் போடுங்கள்.

டிரேட்மார்க் குற்றச்சாட்டு மூன்றிலும் எளிதானது. 1999 டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 30(1), ஒரு பொருளையோ சேவையையோ இன்னாருடையது என்று அடையாளம் காட்டுவதற்காக அவருடைய பெயரை நேர்மையான வணிக வழக்கப்படி பயன்படுத்துவதை மீறலாகக் கொள்வதில்லை. ‘இன்ன தளத்தில் விற்பவர்களுக்கான ஸ்டாக் மென்பொருள்’ என்று விளக்கவுரையில் எழுதுவது இதற்குள் அடங்கும். அவர்களுடைய பெயரை உங்கள் செயலிப் பெயரின் தலையில் வைப்பதும், லோகோவையும் நிறத்தையும் ஐகானில் கொண்டுவருவதும் அடங்காது. பெயர் அப்படி இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். இதற்காகச் சண்டை போடுவதில் ஒரு லாபமும் இல்லை. தோற்கக்கூடிய ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் மற்ற இரண்டும் அதன் நிழலில் மங்கிவிடும். பெயரை மாற்றியதை ‘எந்த உரிமையையும் ஒப்புக்கொள்ளாமல்’ என்ற வாசகத்தோடு பதிலில் தெரிவித்தால் போதும். கூகுள் விளம்பரத்தில் தளத்தின் பெயரைத் தேடுசொல்லாக வாங்கியிருந்தால் அதையும் கவனியுங்கள். 2023 ஆகஸ்டில் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, தேடுசொல்லாகப் பயன்படுத்துவதும் ‘பயன்பாடு’தான், ஆனால் குழப்பம் விளைந்தால் ஒழிய அது தானாகவே மீறலாகிவிடாது என்று சொன்னது.

பதிப்புரிமைக் குற்றச்சாட்டில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பலம் இங்கேதான் இருக்கிறது. மென்பொருள் நிரல் இந்தியாவில் இலக்கியப் படைப்பு என்ற வகையில் பாதுகாக்கப்படுகிறது. பாதுகாப்பு எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான். அது செய்யும் வேலைக்கோ, வேலை செய்யும் முறைக்கோ அல்ல. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துக்கும் அதன் வெளிப்பாட்டுக்கும் போட்ட கோடு இங்கேயும் பொருந்தும். நீங்கள் செய்தது என்ன? தளம் வெளியிட்ட முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பி, வந்த பதிலைப் படித்தீர்கள். அவர்களுடைய நிரலை நகலெடுக்கவில்லை. அப்படியானால் மீறல் எந்த வரியில் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். தளம் கொடுத்த மாதிரி நிரலையோ எஸ்டிகே எனப்படும் நிரல் கருவித் தொகுப்பையோ அப்படியே ஒட்டிவைத்திருந்தால் விஷயம் வேறு. அதன் உரிம வாசகத்தை எடுத்துப் படியுங்கள்.

இதோடு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(ஏபி)-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக உருவாக்கிய ஒரு நிரல் இன்னொரு நிரலோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அந்த நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அத்தகவலைப் பெறுவதற்காகச் செய்யும் செயல் மீறல் ஆகாது என்கிறது அது. அடுத்த உட்பிரிவு, ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனித்து, படித்து, சோதித்துப் பார்ப்பதை அனுமதிக்கிறது. இவ்வளவு பயனுள்ள விதிகளை நம் ஊர் மென்பொருள் நிறுவனங்கள் பதில் நோட்டீஸில் எடுத்து வைப்பதே அரிது. ஒரு பலவீனமும் உண்டு. இந்த விலக்கை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று ஐரோப்பியச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய டெவலப்பர் ஒப்பந்தத்தில் தடை இருந்தால், பதிப்புரிமை மீறல் இல்லாவிட்டாலும் ஒப்பந்த மீறல் என்று வருவார்கள். வெளிநாட்டுத் தீர்ப்புகளில் இரண்டு உதவும். 2012-ல் எஸ்ஏஎஸ் இன்ஸ்டிடியூட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் நிரலின் செயல்பாட்டுக்கும் தரவுக் கோப்பின் வடிவத்துக்கும் பதிப்புரிமை இல்லை என்றது. 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜாவா ஏபிஐ-யின் சுமார் 11,500 வரிகளைக் கூகுள் எடுத்துக்கொண்டது நியாயமான பயன்பாடே என்றது. இரண்டும் இங்கே கட்டுப்படுத்தாது, வழிகாட்டியாக வைக்கலாம்.

தரவு எங்களுடையது என்பது மூன்றாவது. ஐரோப்பாவில் இருப்பது போலத் தரவுத்தொகுப்புக்கென்று தனி உரிமை இந்தியாவில் கிடையாது. 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், உழைப்பும் செலவும் மட்டும் பதிப்புரிமையைத் தந்துவிடாது, குறைந்தபட்சப் படைப்பாற்றலாவது தேவை என்று தீர்த்தது. ஒரு சௌகார்பேட்டை வியாபாரி தானே ஏற்றிய விலைப்பட்டியலும், அவருடைய ஸ்டாக் எண்ணிக்கையும் தளத்தின் படைப்பு ஆகிவிடாது. ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சாவி முடக்கப்பட்டதும் வியாபாரிகளின் பாஸ்வேர்டை வாங்கி, ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வழியாக உள்ளே நுழைந்து தரவை எடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அனுமதி திரும்பப் பெறப்பட்ட பின் கணினி அமைப்பில் நுழைந்து தரவை இறக்கினால் 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43-ல் இழப்பீடும், கெட்ட எண்ணம் காட்டப்பட்டால் பிரிவு 66-ல் மூன்று வருடம் வரை சிறையும் வரும். உரிமையியல் தகராறாக இருந்ததைக் குற்ற வழக்காக மாற்றிக்கொள்ள நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். ஆர்டர்களில் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் எண் இருக்கும் என்பதால் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அவர்கள் இழுப்பார்கள். வேலைக்குத் தேவையில்லாத அந்தப் பத்திகளைச் சேமிக்காமல் விடுவதே நல்லது.

பதில் நோட்டீஸ் இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தப் படைப்பு, எந்தப் பதிவு எண், எந்த வரி, எந்த ஒப்பந்தப் பிரிவு என்று கேளுங்கள். பதில் வராமல் மிரட்டல் மட்டும் தொடர்ந்தால், அடிப்படையற்ற மிரட்டலை நிறுத்தக் கோரி நீங்களே வழக்குப் போட முடியும்: பதிப்புரிமைக்குப் பிரிவு 60, டிரேட்மார்க்குக்குப் பிரிவு 142. அவர்கள் தாமதமின்றி மீறல் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டால் இந்த வழக்கு நிற்காது. அதுவும் உங்களுக்கு நஷ்டமில்லை. அந்தரத்தில் தொங்கிய குற்றச்சாட்டு நிரூபிக்க வேண்டிய ஒன்றாகிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவும் அதற்கான விதிகளும் 2023 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வணிக வழக்கு என்பதால் அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால் 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12ஏ-படி முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். இதை மறந்து தாக்கல் செய்தால் பிராது அங்கேயே நிராகரிக்கப்படும்.

அடுத்தது உங்கள் சொந்த வீடு. ‘எங்கள் செயலியைக் காப்பியடித்துத் தங்கள் கருவியைச் செய்தார்கள்’ என்ற வாதத்தை வைக்க ஆசைப்படுவீர்கள். வைக்கும் முன் உங்கள் நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 17(சி)-படி நிறுவனத்துக்குச் சேரும். ஃப்ரீலான்சர் எழுதியது, நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்துப்பூர்வமான உரிமை மாற்றம் இல்லாதவரை அவருடையதே. மாற்றப் பத்திரம் இருந்தாலும் பிரிவு 19-ஐ எடுத்துப் படியுங்கள்: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும், பெற்ற உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ‘எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே’ என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் தரமணியிலிருந்து சிறுசேரி வரை நிறையவே உண்டு. ஐந்து வருடம் கழித்து அந்த வரிக்கு உயிர் இருக்காது. காலம், நாடு, எந்தெந்த உரிமை, எவ்வளவு தொகை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிப் புதிய பத்திரம் வாங்கிவிடுங்கள். திறந்த மூல நூலகங்களை எங்கே சேர்த்தீர்கள் என்ற பட்டியலும் வேண்டும். கலந்து செய்த நிரலையும் திறந்து வெளியிடச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மூடிய செயலியில் கலந்து விற்றிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தேடும்.

நிரலுக்குப் பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவையுங்கள். முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் கொடுக்க வேண்டும்; 2021 திருத்தத்துக்குப் பிறகு நடுவில் எதையும் மறைத்துக் கொடுக்க முடியாது. அதனால் ரகசியமான தர்க்கம் அந்த இருபது பக்கத்தில் விழாதபடி கோப்புகளை அடுக்குவது புத்திசாலித்தனம். கட்டணம் 500 ரூபாய். காப்புரிமை, அதாவது பேட்டன்ட், எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) கணினி நிரலைத் தனியாக எடுத்துக்கொண்டால் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஸ்டாக் ஒத்திசைவு போன்ற வணிகக் கருவிக்கு கிண்டி அலுவலகத்தில் அதை வாங்குவது கடினம். அந்தப் பணத்தை ஒப்பந்தங்களைச் சரிசெய்வதில் போடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் போட்டிச் சட்டம். 2002 போட்டிச் சட்டத்தில் பிரிவு 3 போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களைப் பற்றியது. பிரிவு 4 ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றியது. அறிவுசார் சொத்துக்கான விலக்கு பிரிவு 3(5)-ல் இருக்கிறது. அது பிரிவு 3-க்கு மட்டும்தான், பிரிவு 4-க்கு அத்தகைய விலக்கே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் ‘என் சொத்து’ என்ற பதிலின் பாதி பலம் போய்விடும். மீதிப் பாதியிலும் நிபந்தனைகள் உண்டு. பதிப்புரிமை, காப்புரிமை, டிரேட்மார்க், புவிசார் குறியீடு, வடிவமைப்பு, குறைகடத்தித் தளவடிவம் ஆகிய ஆறு சட்டங்களின் கீழ் உள்ள உரிமைகளுக்கு மட்டுமே விலக்கு. வணிக ரகசியம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த உரிமையைக் காக்கத் ‘தேவையான, நியாயமான’ நிபந்தனையாகவும் அது இருக்க வேண்டும்.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கார் உதிரிபாக வழக்கில் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது சிசிஐ. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும், பழுது கண்டறியும் கருவியும் மென்பொருளும் கிடைக்காமல் செய்ததுதான் குற்றம். எங்கள் அறிவுசார் சொத்து என்று நிறுவனங்கள் சொன்னபோது, இந்தியாவில் அந்த உரிமை உங்களுக்கு இருப்பதற்கு ஆவணம் எங்கே, அதைக் காக்க இந்தத் தடை ஏன் தேவை என்று ஆணையம் கேட்டது. திருப்திகரமான பதில் வரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், விசாரணையையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 2015-ல் அந்த மனு தள்ளுபடியாகி, பிறகு அதற்கும் அபராதம் விதிக்கப்பட்டது. உங்கள் வழக்கோடு ஒப்பிட்டால், கார் தயாரிப்பாளரின் இடத்தில் தளம், வெளி மெக்கானிக்கின் இடத்தில் நீங்கள். இசைத்துறையிலும் ஒன்று உண்டு. எஃப்எம் நிலையங்களிடம் ஒலிபரப்பினாலும் இல்லாவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை கேட்ட சூப்பர் கேசட்ஸ் நிறுவனத்தை 2014 அக்டோபரில் பிரிவு 4-ன் கீழ் பிடித்தது ஆணையம். பதிப்புரிமை அங்கே கவசமாகவில்லை.

எதிர்த்தரப்பு எடுத்து வைக்கப்போவதையும் சொல்லிவிட வேண்டும். எரிக்சன் வழக்கில் 2023 ஜூலை 13-ல் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, காப்புரிமையாளர் தன் உரிமையைப் பயன்படுத்தும் விதம் காப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே பார்க்கப்பட வேண்டும், சிசிஐ அதில் விசாரணை நடத்த முடியாது என்றது. காப்புரிமைச் சட்டத்தின் பதினாறாம் அத்தியாயம் கட்டாய உரிமம் முதலானவற்றை முழுமையாகச் சொல்லியிருக்கிறது என்பதே அதற்குக் காரணம். சிசிஐ-யின் மேல்முறையீட்டை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உங்கள் விஷயத்தில் காப்புரிமையே இல்லை என்பதால் இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்திலும் பிரிவு 31-ல் கட்டாய உரிமம் இருக்கிறதே, அதே தர்க்கம் இங்கும் செல்லும் என்று நீட்டிப் பார்ப்பார்கள். தளம் தன் மறுப்பில் ‘காப்புரிமை நிலுவையில் உள்ள தொழில்நுட்பம்’ என்று ஒரு வரி சேர்த்தால் அதன் நோக்கம் இதுதான். பெரிய நிறுவனம் விசாரணை உத்தரவு வந்த உடனேயே ரிட் மனு போடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் புல் மெஷின்ஸ், ஜேசிபி தன்மீது தொடுத்த வடிவமைப்பு வழக்கே போட்டியைக் கெடுக்கும் முறைகேடு என்று சிசிஐ-யிடம் சொல்லி 2014 மார்ச்சில் விசாரணை உத்தரவு பெற்றது. அது பத்து வருடம் தில்லி உயர் நீதிமன்றத்தில் கிடந்து, இரு தரப்பும் சமரசமானதால் 2024-ல் ரத்தானது.

இப்போது மிகப் பெரிய தடை: ஆதிக்கம். தளம் பெரியது என்பது ஆதிக்கம் ஆகாது. எந்தச் சந்தையில் என்று முதலில் வரையறுக்க வேண்டும். சின்ன நிறுவனங்களின் மனுக்கள் இங்கேதான் விழுகின்றன. ‘இந்திய ஆன்லைன் விற்பனைச் சந்தை’ என்று எழுதினால், இரண்டு மூன்று பெரியவர்கள் போட்டியிடுகிறார்கள், யாருக்கும் ஆதிக்கம் இல்லை என்று பிரிவு 26(2)-ல் முடித்துவிடுவார்கள். 2018 நவம்பரில் ஃப்ளிப்கார்ட் மீதான ஆன்லைன் விற்பனையாளர் சங்கத்தின் மனு அப்படித்தான் மூடப்பட்டது. 2020-ல் மேல்முறையீட்டில்தான் மீண்டது. இரண்டு தளங்களும் சேர்ந்து ஆதிக்கம் செலுத்துகின்றன என்ற வாதத்துக்கும் நம் சட்டத்தில் இடமில்லை. ஓலா, ஊபர் தொடர்பான பெங்களூரு வழக்கில் 2017-ல் ஆணையம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்களுக்கு உகந்த வரையறை வேறு. ஒரு தளத்தில் விற்பவர் அந்தத் தளத்தின் ஆர்டர்களை நிர்வகிக்க இன்னொரு தளத்தின் ஏபிஐ-யைப் பயன்படுத்த முடியாது. எனவே ‘அந்தத் தளத்தில் விற்பவர்களுக்கான நிர்வாகக் கருவிகள்’ என்று ஒரு பின்சந்தை, அதாவது முதல் சந்தையைச் சார்ந்து நிற்கும் துணைச் சந்தை, இருக்கிறது. கார் வழக்கில் ஒவ்வொரு பிராண்டின் உதிரிபாகமும் தனிச் சந்தையாகக் கொள்ளப்பட்டது போல. இதை நிறுவ வியாபாரிகளின் வாக்குமூலம் தேவை: வேறு தளத்துக்கு ஏன் மாற முடியாது, அந்தத் தளத்தில் சேர்ந்த மதிப்புரைகளும் தரவரிசையும் மாறினால் என்ன ஆகும், விற்பனையில் எவ்வளவு பங்கு அங்கிருந்து வருகிறது. தி.நகரிலும் சௌகார்பேட்டையிலும் ரிச்சி தெருவிலும் உள்ள உங்கள் வாடிக்கையாளர்களில் பத்துப் பேர் கணக்குப் புத்தகத்தோடு இதைச் சொன்னால் நூறு பக்க வாதத்தைவிட எடை அதிகம். பின்சந்தை வரையறை ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் பிரிவு 3(4)-ன் கீழும் மாற்று வாதமாக வையுங்கள். டெவலப்பர் ஒப்பந்தமே அங்கே ‘ஒப்பந்தம்’. அதற்கு முழு ஆதிக்கம் தேவையில்லை, போட்டிக்குக் கணிசமான கேடு காட்டினால் போதும்.

நடத்தைக்கான பிரிவுகள்: சந்தையில் நுழைவை மறுப்பது 4(2)(சி), ஒரு சந்தையின் ஆதிக்கத்தால் மற்றொரு சந்தையில் நுழைவது அல்லது காப்பது 4(2)(இ), தொழில்நுட்ப வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது 4(2)(பி). இதில் ஐரோப்பிய நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வழக்கில் சொன்னதை அவசியம் எடுத்து வையுங்கள். மின்கார் சார்ஜ் செய்யும் ஒரு செயலியைத் தன் தளத்தோடு இணைய விடாததற்காக இத்தாலிய ஆணையம் கூகுளுக்குச் சுமார் 102 மில்லியன் யூரோ அபராதம் விதித்திருந்தது. தனக்காக மட்டும் கட்டிய தளம் வேறு, வெளியாருக்கும் திறந்துவிடும் நோக்கில் கட்டிய தளம் வேறு. இரண்டாவதில் இணைப்பை மறுப்பது, அந்தத் தளம் இல்லாமல் தொழிலே நடக்காது என்ற அளவுக்கு இல்லாவிட்டாலும் முறைகேடாகலாம் என்றது நீதிமன்றம். உங்கள் தளமும் தானே திறந்து, அழைத்து, பிறகு மூடியது. இந்த வரலாற்றைத் தேதியோடு நிறுவுவதுதான் வழக்கின் இதயம்.

அதனால் ஆதாரம். ஏபிஐ பதில்களின் பதிவுக் கோப்புகள், அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 வரத் தொடங்கிய நாளும் மணியும், டெவலப்பர் விதிமுறைகள் ஒவ்வொரு தேதியிலும் எப்படி இருந்தன என்பதன் நகல்கள், தளம் உங்களைச் சேரச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர்களுடைய கருவி வெளியான நாள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் எண் முத்திரை) எடுத்து வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ல் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஒன்றை நீங்கள் நிரப்ப, மற்றதை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பதிவுக் கோப்புகள் சுழற்சியில் அழிந்திருக்கும். இன்னொன்று, விளைவு. 2023 மார்ச்சில் ஆண்ட்ராய்டு மேல்முறையீட்டில், சிசிஐ உத்தரவுகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்சிஎல்ஏடி, கூகுளுக்கு விதிக்கப்பட்ட 1,337.76 கோடி அபராதத்தை உறுதி செய்தாலும், பத்து உத்தரவுகளில் நான்கை ரத்து செய்தது. பிரிவு 4 வழக்கில் போட்டிக்கு என்ன கேடு என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. உங்களுக்கு நஷ்டம் என்பதோடு நிற்காமல், உங்களைப் போன்ற எத்தனை கருவிகள் மறைந்தன, வியாபாரிக்குத் தேர்வு எப்படிக் குறைந்தது, பல தளங்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி போனதால் அவர் அந்த ஒரே தளத்தோடு எப்படிக் கட்டுண்டார் என்று காட்டுங்கள். தளம் இலவசமாகத் தருகிறதே, வாடிக்கையாளருக்கு நல்லதுதானே என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கான பதில் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது.

எந்த வாசல் என்பதில் சென்னையிலேயே பாடம் இருக்கிறது. இப்போது மேட்ரிமோனி.காம் என்று அறியப்படும் நிறுவனம், கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இருந்தபோது, தன் டிரேட்மார்க்கைப் போட்டியாளர்களுக்குத் தேடுசொல்லாக விற்பதாகக் கூகுள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2010-ல் வந்த இடைக்கால உத்தரவில், ‘மேட்ரிமோனி’ போன்ற வர்ணனைச் சொற்களுக்கு எவ்வளவு தூரம் உரிமை கொண்டாட முடியும் என்பதே பெரிய சிக்கலாக நின்றது. 2012-ல் அதே நிறுவனம் சிசிஐ-க்குப் போனது. 2018 பிப்ரவரியில் தேடல் முடிவுகளைச் சாய்த்ததற்காகக் கூகுளுக்கு 135.86 கோடி அபராதம். ஆனால் தேடுசொல் விளம்பரம் பற்றிய குற்றச்சாட்டில் மீறல் இல்லை. பிறகு பிளே ஸ்டோர் கட்டண முறையை எதிர்த்து அதுவும் வேறு பல நிறுவனங்களும் சென்னையில் சிவில் வழக்குத் தொடுத்தபோது, இது போட்டிச் சட்ட விவகாரம், பிரிவு 61 சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கிறது என்று 2023 ஆகஸ்டில் பிராதுகள் நிராகரிக்கப்பட்டன; 2024 ஜனவரியில் அமர்வும் அதை உறுதி செய்தது. மார்ச் 1-ல் சில இந்தியச் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, அரசு தலையிட்ட பின் திரும்ப வந்தன.

இதிலிருந்து பிராது எழுதும் முறை தெரிகிறது. ‘ஆதிக்கம்’, ‘முறைகேடு’, ‘நியாயமற்ற நிபந்தனை’ என்ற வாதங்களைச் சிவில் பிராதுக்குள் கொண்டுவராதீர்கள். அங்கே மீறல் இல்லை என்ற அறிவிப்பு, மிரட்டலுக்குத் தடை, ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தைக் கொடுக்காமல் முடக்கியதற்கு நிவாரணம், இவ்வளவுதான். போட்டி வாதம் முழுவதும் சிசிஐ மனுவில். அந்த மனுவில் இரு தரப்புக்கும் இடையே நிலுவையில் உள்ள எல்லா வழக்குகளையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயப் பிரிவும் வேறு ஊர் நீதிமன்றப் பிரிவும் இருக்கும். சிவில் வழக்கை அவை பாதிக்கும், சிசிஐ மனுவைப் பாதிக்காது.

சிசிஐ-க்குத் தனிநபர் கட்டணம் 5,000 ரூபாய். நிறுவனத்துக்கு ஆண்டு வருவாயைப் பொறுத்துக் கூடும். தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது, நடைமுறை விளக்கம் கேட்கலாம், முடிவு தில்லியில். மனுதாரரின் அடையாளத்தை ரகசியமாக வைக்கக் கோரலாம், ஆனால் நோட்டீஸ் அனுப்பிய தளத்துக்கு யார் மனு போட்டது என்று ஊகிப்பது கடினமல்ல. முகாந்திரம் இருந்தால் பிரிவு 26(1)-ல் தலைமை இயக்குநர் விசாரணை. அது வருடக் கணக்கில் போகும். மேலே சொன்ன தேடல் வழக்கு ஆறு வருடம். பிரிவு 33-ல் இடைக்கால உத்தரவு கேட்கலாம், ஆனால் 2010-ல் பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வைத்த அளவுகோல் முகாந்திரத்தைவிட உயர்ந்தது. முதல் மனுவோடே அஃபிடவிட் போட்டு, எத்தனை மாதத்தில் நிறுவனம் மூட வேண்டிவரும் என்பதை வங்கிக் கணக்கோடு காட்டினால்தான் கொஞ்சமாவது வாய்ப்பு. 2023 திருத்தத்துக்குப் பிறகு, காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். உங்களுக்கு அந்த நாள் சாவி முடங்கிய நாள் என்றே கொள்ளுங்கள்.

அபராதம் எவ்வளவு பெரிதானாலும் அது அரசின் கணக்குக்குப் போகும். உங்கள் நஷ்டத்துக்குப் பிரிவு 53என்-ன் கீழ் என்சிஎல்ஏடி-யில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மீறல் உறுதியான பிறகு. பிரிவு 48ஏ-யில் தளம் பணம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டாலும் இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு வழி உண்டு. 48பி-யில் உறுதிமொழி கொடுத்து முடித்தால் இல்லை. ஆண்ட்ராய்டு டிவி வழக்கில் 2025 ஏப்ரலில் 20.24 கோடிக்கு நடந்தது முதல் வகை. எனவே தளம் உறுதிமொழி கொடுக்க முன்வந்து கருத்துக் கேட்கப்படும்போது, ஏபிஐ-யைத் திரும்பத் திறப்பது, எத்தனை நாளில், என்ன வேக வரம்பில், எவ்வளவு முன்னறிவிப்போடு மாற்றலாம் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் இன்னொரு வாய்ப்பு வராது. பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகள் விதிக்கும் டிஜிட்டல் போட்டி மசோதா 2024 மார்ச்சில் வரைவாக வெளிவந்தது, சட்டமாகவில்லை. அதை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கிடையில் கடை ஓட வேண்டும். விற்பனையாளர் தன் கணக்கில் நுழைந்து தன் ஆர்டர், ஸ்டாக் அறிக்கைகளைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியைத் தளம் கொடுத்திருந்தால், அவரே இறக்கி உங்கள் செயலியில் ஏற்றும்படி மாற்றுங்கள். உங்கள் பாட் தளத்தைத் தொடக்கூடாது, பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கக்கூடாது. ஸ்டாக் நொடிக்கு நொடி மாறாது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் புதுப்பிக்க முடியும், இல்லாத சரக்குக்கு ஆர்டர் விழும். அப்படி விழுந்த ஒவ்வொரு ஆர்டரையும், அதனால் விலகிய ஒவ்வொரு வியாபாரியையும் தேதியோடு எழுதி வையுங்கள். மேலே சொன்ன விளைவுக்கான ஆதாரக் கோப்பில் முதல் தாள் அதுவாகவே இருக்கட்டும்.